பின் ஸீட்டில் மூணு பேர்

ஆஸ்திரேலியாவில் ரொம்ப வருஷம் ரெண்டே கட்சிதான். ஒன்று ஹோல்டன். இன்னொன்று ஃபோர்டு.

தேர்தல் கமிஷனில் பதிவு பண்ணாத கட்சிகள். உறுப்பினர் சந்தா கிடையாது, பிறப்பால் வருவது. அப்பா ஹோல்டன் என்றால் பிள்ளையும் ஹோல்டன். மருமகள் ஃபோர்டு வீட்டிலிருந்து வந்துவிட்டால் கராஜில் ரெண்டு காரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பேச்சு வார்த்தை இருக்காது. நம்மூரில் ஒரு தலைமுறை எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று பிரிந்து, அடுத்த தலைமுறை ரஜினி, கமல் என்று பிரிந்து கட்அவுட்டுக்குப் பால் ஊற்றியதே, அதே சமாசாரம். என்ன, அங்கே பாலுக்குப் பதில் பீர். கட்அவுட்டுக்குப் பதில் ஒரு மலை.

பாதர்ஸ்ட் என்ற ஊரில் இருக்கிறது அந்த மலை. வருஷா வருஷம் அதைச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டர் ரேஸ். ஒரு சுற்று 6.2 கிலோமீட்டர். பல வருஷம் அதில் ஓடியது ஃபெராரி இல்லை சார். அப்பா ஆபீஸுக்கும் அம்மா காய்கறிக்கும் எடுத்துப்போகிற அதே குடும்பக் காரின் முரட்டுத் தம்பி. பீட்டர் பிராக் என்பவர் ஒன்பது முறை ஜெயித்தார். ஒன்பதும் ஹோல்டன். 2006ல் அவர் வேறொரு பந்தயத்தில் விபத்தாகி இறந்தபோது மெல்பர்னில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. ஒரு நாடு தன் குடும்பக் காரை எந்த அளவுக்கு நேசித்தது என்பதற்கு இது சாம்பிள்.

இன்றைக்கும் ரெண்டு கட்சிக்கும் தொண்டர்கள் உண்டு. தலைவர்கள்தான் இல்லை. கடைசி ஃபோர்டு ஃபால்கன் 2016 அக்டோபர் 7ந் தேதி ஃபாக்டரியை விட்டு வெளியே வந்தது. டொயோட்டாவின் கடைசி காம்ரி 2017 அக்டோபர் 3. கடைசி ஹோல்டன் கமடோர் 2017 அக்டோபர் 20. ஒரு வருஷத்துச் சொச்சத்தில் மூன்று கொள்ளி. அதோடு ஆஸ்திரேலியாவில் குடும்பக் கார் செய்வது என்பதே முடிந்தது.

இவ்வளவு பாசம் வைத்த ஜனங்கள் இருந்தும் ஏன் செத்தது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் மெல்பர்னிலிருந்து அடிலெய்டு வரை போனேன். அதுவும் ஒரு ஃபால்கனிலேயே.

* * *

ஃபால்கனுக்குச் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். என் நண்பன் ஒருவனின் மைத்துனருக்குத் தெரிந்தவர். எண்பதுகளின் கடைசியில் மெல்பர்ன் வந்து, இருபது வருஷத்துக்கு மேல் டாக்ஸி ஓட்டி, இப்போது ஓய்வாக இருக்கிறார். அடிலெய்டில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தவர், "நீரும் வாரும் தம்பி, இடம் கிடக்கு" என்றார்.

இடம் கிடந்தது. முன்னால் அண்ணாவும் அவர் மனைவியும். பின்னால் நான், யுனிவர்சிட்டியில் படிக்கும் அவர் மகன், மாமியார். எங்கள் மூவருக்கும் நடுவே ஒரு டிபன் காரியர், ஒரு பை நிறையப் பலகாரம். யாருடைய முழங்காலும் யாரையும் இடிக்கவில்லை. டிக்கியில் நாலு சூட்கேஸ் போட்டு, ஐந்தாவதாக நான் படுக்கலாம் போல் இருந்தது.

"பாத்தீரே தம்பி, பின்னாலை மூண்டு பேர் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். இப்ப வாற காருகளிலை ஏலுமே?"

அண்ணா சொன்னது சும்மா பெருமை இல்லை. இந்தப் பின் ஸீட்டில்தான் ஆஸ்திரேலிய மோட்டார் சரித்திரம் உட்கார்ந்திருக்கிறது. 1978ல் ஹோல்டன், ஜெர்மனியின் ஓப்பல் காரை வைத்துக் கமடோர் என்று கொஞ்சம் ஒல்லியாக ஒன்றைக் கொண்டுவந்தது. பெட்ரோல் விலை ஏறிய காலம். ஜனங்கள் சிக்கனம் பார்ப்பார்கள் என்று கணக்கு. ஃபோர்டோ ஃபால்கனை அகலமாகவே விட்டுவைத்தது. கொஞ்ச நாளில் பெட்ரோல் பயம் போயிற்று. பின்னால் மூணு பேர் உட்கார முடியாத காரை டாக்ஸிக்காரர்கள் சீண்டவில்லை, மூணு பிள்ளை பெற்றவர்களும் சீண்டவில்லை. எண்பதுகளில் பல வருஷம் ஃபால்கன் முன்னால் ஓடியது. 1988ல் ஹோல்டன் ஞானம் பெற்று, கமடோரின் உடம்பை அகலமாக்கியது. மறுபடி சண்டை சமமாயிற்று. ஒரு ஜாணில் கம்பெனியின் தலையெழுத்து மாறியிருக்கிறது.

* * *

அடிலெய்டு ரோட்டைப் பிடிப்பதற்கு முன் அண்ணா காரை எதிர்த்திசையில் விட்டார். பிராட்மெடோஸ். மெல்பர்ன் ஏர்போர்ட்டிலிருந்து கொஞ்ச தூரம். ஃபால்கனின் பிறந்த வீடு.

பெரிய பெரிய ஷெட்டுகள். இப்போது அது வேறு வேறு கம்பெனிகளுக்கான தொழிற்பேட்டை. யாரோ லாரியில் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணா இன்ஜினை அணைக்கவில்லை. ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தார். துக்க வீட்டு வாசல் வரை வந்து செருப்பைக் கழற்றாமல் திரும்புகிற மாதிரி.

1960ல் முதல் ஃபால்கன் வந்தபோது அது அமெரிக்கக் கார்தான். அமெரிக்க ரோட்டுக்குச் செய்தது. ஆஸ்திரேலியாவின் சரளைக்கல் ரோட்டில் ஓடியதும் முன் சஸ்பென்ஷன் கழன்றுகொண்டது. பெயர் நாறியது. ஃபோர்டு இன்ஜினியர்கள் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுத்தினார்கள். 1965ல், 'எங்கள் கார் உடையாது' என்று காட்ட, ஜீலாங் பக்கத்தில் யூ யாங்ஸ் மலையடியிலுள்ள தங்கள் சோதனை ரோட்டில் ஃபால்கன்களை ராத்திரி பகலாக 70,000 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அதன் பிறகுதான் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது. அமெரிக்காவில் ஃபால்கன் 1970லேயே காலி. இங்கே இன்னும் நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்தது. தத்துப் பிள்ளை சொந்தப் பிள்ளையான கதை.

ஹோல்டன் கதை இன்னும் வேடிக்கை. 1856ல் அடிலெய்டில் குதிரைச் சேணம் தைக்கிற கடையாகத் தொடங்கியது. அப்புறம் கார்களுக்கு பாடி கட்டியது. 1931ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் அதை வாங்கிவிட்டது. 1948 நவம்பர் 29ந் தேதி பிரதமர் பென் சிஃப்லி மெல்பர்னில் முதல் ஹோல்டன் காரை அறிமுகப்படுத்தினார். 'ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார்' என்று தேசமே மார் தட்டிக்கொண்டது. அந்தச் சொந்தக் காரின் முதல் மாதிரிகளை 1946ல் கையால் செய்தது எங்கே தெரியுமா? அமெரிக்காவில், டெட்ராய்ட்டில்! அதில் முதல் நம்பர் இன்றும் கான்பரா தேசிய மியூசியத்தில் நிற்கிறது.

ஆக, ரெண்டு கட்சிக்கும் மேலிடம் டெட்ராய்ட்தான். தொண்டர்கள் மட்டும்தான் உள்ளூர்.

* * *

மெல்பர்னிலிருந்து அடிலெய்டு சுமார் 725 கிலோமீட்டர். பாலரட், அராரட், ஹோர்ஷம் என்று ஊர்கள் வரும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஒன்றும் வராது. கோதுமை வயல், ஆட்டு மந்தை, வானம். மறுபடி வானம். நம்மூரில் 725 கிலோமீட்டர் போனால் நூறு டீக்கடையும் நாலு பாஷையும் பார்த்துவிடலாம். இங்கே மாமி ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "இன்னும் அதே இடமோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இந்த ரோட்டில் போனால்தான் இவர்கள் ஏன் இந்த மாதிரிக் கார் செய்தார்கள் என்று புரிகிறது. நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். மேட்டில் கியரைத் தேடாது. பின்னால் ஒரு காரவன் வண்டியைக் கட்டி இழுக்கலாம். ரோடு முடிந்து மண்பாதை ஆனாலும் போகும். எந்த மூலையில் நின்றுபோனாலும் அந்த ஊர் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பழுது பார்க்கத் தெரியும்.

"நாலு ஃபால்கன் டாக்ஸி ஓடினனான் தம்பி. எல்லாம் காஸ். ஒண்டும் என்னை நடு றோட்டிலை விடேல்லை" என்றார் அண்ணா.

நம்ம அம்பாஸடரைப் பற்றிக் கல்கத்தா டிரைவர்கள் சொல்வது ஞாபகம் வந்தது. அதுவும் உள்ளூர் ரோட்டுக்கு வளைந்துகொடுத்த வெளியூர்க் கார். அதுவும் இறக்குமதிச் சுவருக்குள்ளே வளர்ந்தது. 2014ல் அதுவும் நின்றது.

சுவர் என்றேனே, அதுதான் விஷயம். நான் படித்தது பி.காம். கார்புரேட்டர் பற்றித் தெரியாது, கணக்கு தெரியும். ஆகவே ரெண்டு நிமிஷம் கணக்கு.

ஒரு கார் மாடலைப் புதிதாக உருவாக்கி, அச்சு செய்து, ஃபாக்டரியைத் தயார் பண்ண ஆகிற செலவு, நீங்கள் ஆயிரம் கார் விற்றாலும் ஒன்றுதான், மூணு லட்சம் விற்றாலும் ஒன்றுதான். நிறைய விற்றால் தலைக்குக் கொஞ்சம். குறைய விற்றால் தலையில் துண்டு. ஒரு ஃபாக்டரி கட்டுப்படியாக வேண்டுமானால் வருஷத்துக்கு ரெண்டு மூணு லட்சம் கார் செய்யணும் என்று ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித் திறன் கமிஷன் 2014ல் கணக்குச் சொன்னது. கடைசி வருஷங்களில் ஆஸ்திரேலியாவில் மூணு கம்பெனியும் சேர்ந்து செய்ததே மொத்தம் சுமார் ரெண்டு லட்சம்தான். ஒரு ஃபாக்டரிக்கான சாப்பாட்டை மூணு பந்தியில் பரிமாறினார்கள்.

முன்பெல்லாம் எப்படிக் கட்டுப்படியாயிற்று? சுவர். எண்பதுகளின் நடுவில் இறக்குமதிக் காருக்கு 57.5 சதவீதம் வரி, அதோடு எண்ணிக்கைக் கட்டுப்பாடு வேறு. அப்போது தொழில் அமைச்சராக இருந்த ஜான் பட்டன், 'இப்படியே போனால் உருப்படாது' என்று ஒரு திட்டம் போட்டார். வரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, மாடல்களைக் குறைப்பது, ஒரே காரைப் பலர் பகிர்ந்து விற்பது. வரி 1988ல் 45 சதவீதம். 2000ல் 15. 2005ல் 10. 2010ல் 5.

பகிர்ந்து விற்றதுதான் காமெடி. ஹோல்டன் கமடோரை எடுத்து, டொயோட்டா பெயர்ப் பட்டையை ஒட்டி, 'லெக்ஸன்' என்று விற்றார்கள். 1983ல் அமெரிக்காஸ் கப் ஜெயித்த ஆஸ்திரேலியப் பாய்மரப் படகை வடிவமைத்த பென் லெக்ஸன் நினைவாக வைத்த பெயர். பதிலுக்கு டொயோட்டா காம்ரியை எடுத்து ஹோல்டன் 'அப்போலோ' ஆக்கினார்கள். ஒரே அண்டா சாம்பாரை ரெண்டு ஓட்டல் போர்டு மாட்டி விற்ற கதை. ஜனங்கள் ஏமாறவில்லை. ஹோல்டன் வேண்டியவர் ஹோல்டன் கடைக்குத்தான் போனார். டொயோட்டா வேண்டியவர் லெக்ஸனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். தொண்ணூறுகளில் அந்த ஏற்பாடு முடிந்தது.

* * *

ஆனால் வரியை மட்டும் பழி சொன்னால் தப்பு. வரி சரிந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசிதான் கமடோரின் பொற்காலம். 1998ல் மட்டும் 94,000க்கு மேல் விற்றது. 1996லிருந்து 2010 வரை, விடாமல் பதினைந்து வருஷம் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற கார் அதுதான். ஃபால்கனும் 2003ல் எழுபதாயிரத்துக்கு மேல். ஆட்கள் வாங்கினார்கள். அரசாங்க ஆபீஸ்கள் வாங்கின. கம்பெனிகள் சேல்ஸ் ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்தன.

அப்புறம் என்ன ஆச்சு?

ஹோர்ஷமில் காபிக்கு நிறுத்தியபோது அண்ணாவிடம் கேட்டேன். "இவ்வளவு பிரியமா இருக்கீங்களே, கடைசி கடைசியா புதுசா ஒரு ஃபால்கன் வாங்கிப் போட்டீங்களா?"

அண்ணா காபியைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

"இது செகண்ட் ஹாண்ட் தம்பி. 2009 மொடல். டாக்ஸியெல்லாம் ஓனற்றை."

"புதுசு?"

"புதுசு எடுத்தது ஒண்டுதான். 2012இலை. உங்கடை அக்காவுக்கு. ஜப்பான்காரன்ரை சின்னக் கார். அதுவும் தாய்லாந்திலை செய்தது. விலையும் குறைவு, பெற்றோலும் குறைவு. பிறகென்ன?"

அக்கா சமாதானமாகச் சொன்னார்: "எனக்கு உந்தப் பெரிய காரைப் பார்க் பண்ண ஏலாது தம்பி. கடைக்குப் போனா ரெண்டு பேற்றை இடம் வேணும்."

மகன் போனிலிருந்து தலை நிமிராமல், தான் வாங்கப் போவது சீனாவில் செய்த எலெக்ட்ரிக் கார் என்றான்.

மாமி வடையைப் பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "கார் எண்டா கார்தானே. அது எங்கை செய்தா என்ன?"

அந்த மேஜையில் நடந்ததுதான் தேசம் முழுக்க நடந்தது. 2005ல் தாய்லாந்தோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். அங்கிருந்து கார் வரியில்லாமல் வந்து இறங்கியது. பதிலுக்கு ஃபோர்டு தன் உயரமான 'டெரிட்டரி' வண்டியைத் தாய்லாந்துக்கு அனுப்பப் பார்த்தது. அங்கே சுங்க வரி இல்லை. ஆனால் பெரிய இன்ஜினுக்கு உள்ளூர் வரி கடுமை. வாசல் கதவைத் திறந்து வைத்து ஹால் கதவைப் பூட்டின மாதிரி. போதாக்குறைக்குப் பெட்ரோல் விலை. சிறிய கார் வேண்டியவர் ஜப்பான், கொரியா பக்கம் போனார். பெரிசு வேண்டியவர் எஸ்யூவிக்குப் போனார். நடுவில் நீளமாக, தாழ்வாக, கௌரவமாக நின்றுகொண்டிருந்த குடும்பக் காருக்கு ஆளில்லை.

2011ல் கமடோரின் பதினைந்து வருஷ முதலிடம் போயிற்று. ஆயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் மாஸ்டா 3 ஜெயித்தது. ஃபால்கன் 2015ல் விற்றது சுமார் ஆறாயிரம். எழுபதாயிரம் ஆறாயிரமானால் எந்த முதலாளிதான் கல்லாவில் உட்காருவான்?

ஏற்றுமதி காப்பாற்றியிருக்கும். 2001ல் ஆஸ்திரேலிய டாலருக்கு அமெரிக்கக் காசில் ஐம்பது சென்ட் தான். அந்த மலிவில் ஹோல்டன் தன் கார்களை அமெரிக்காவுக்கே 'போன்டியாக்' என்று அனுப்பியது. பிறகு சுரங்கத் தொழில் கொழித்து, இரும்புத் தாதுவை சீனா அள்ளிக்கொண்டு போக, 2011ல் அதே டாலர் 1.10ஐத் தொட்டது. கார் அதே கார். அமெரிக்கக் கணக்கில் ரெண்டு மடங்குக்கு மேல் விலை. போன்டியாக்கையே ஜெனரல் மோட்டார்ஸ் இழுத்து மூடிவிட்டது. மண்ணை விற்று வந்த பணம் இன்ஜினின் வயிற்றில் அடித்தது.

2013 மே மாசம் ஃபோர்டு கணக்கை விரித்தது. ஐந்து வருஷத்தில் 60 கோடி டாலர் நஷ்டம். செலவு ஐரோப்பாவைப் போல ரெண்டு மடங்கு, ஆசியாவைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. மூடுகிறோம். டிசம்பர் 10ந் தேதி நாடாளுமன்றத்தில் நிதி அமைச்சர் ஜோ ஹாக்கி, ஹோல்டனைப் பார்த்து 'இருக்கிறாயா, போகிறாயா?' என்கிற தோரணையில் முழங்கினார். மறுநாளே ஹோல்டன் 'போகிறேன்' என்றது. இரண்டே மாசத்தில், 2014 பிப்ரவரியில், டொயோட்டாவும். டொயோட்டா காம்ரியில் பெரும்பகுதியை மத்திய கிழக்குக்கு விற்று ஓரளவு தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த கம்பெனி. ஆனால் ஸீட்டும் கண்ணாடியும் ஸ்ப்ரிங்கும் செய்துகொடுக்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள் மூணு பேரையும் நம்பித்தான் இருந்தன. ரெண்டு பேர் போனால் அவர்கள் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் மூணாவது ஆள் எதை வைத்துக் கார் செய்வது? மெஸ்ஸில் மூணு பேரில் ரெண்டு பேர் காலி பண்ணினால், மீதி ஒருத்தனுக்காகச் சமையல்காரர் இருப்பாரா?

* * *

தெற்கு ஆஸ்திரேலியா எல்லை தாண்டியதும் கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளச் சொன்னார்கள். ராத்திரி அடிலெய்டு. மறுநாள் கல்யாண வீட்டுக்காரர்கள் மும்முரமாக இருக்க, நானும் அண்ணாவும் எலிஸபெத்துக்குப் போனோம்.

அடிலெய்டுக்கு வடக்கே, 1955ல் அரசாங்கமே வீடு கட்டி உருவாக்கிய ஊர். ராணியின் பெயர். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்களைக் குடியேற்றி, கையில் ஹோல்டன் வேலையைக் கொடுத்தார்கள். அப்பா ஷிப்ட் முடிந்து வர, பிள்ளை ஷிப்டுக்குப் போன ஊர். நம்ம ஆவடி, பெரம்பூர், நெய்வேலியெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள்.

2017ல் கடைசி நாள் மிச்சமிருந்தவர்கள் சுமார் 950 பேர். கடைசிக் கார் சிவப்பு நிற வி8. இப்போது இந்த இடமும் பிசினஸ் பார்க். கேட்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றோம். அண்ணா ஃபோர்டு கட்சி. எதிர்க்கட்சி ஆபீஸ் வாசலில் நிற்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லாமல், "பாவம்" என்றார்.

நகரத்தின் தெற்கே டான்ஸ்லி என்று ஒன்று. 1964லிருந்து கிரைஸ்லர், 1980லிருந்து மிட்சுபிஷி கார் செய்த இடம். 2005ல் '380' என்று ஒரு பெரிய குடும்பக் காரை நம்பி இறக்கினார்கள். ஓடவில்லை. 2008 மார்ச்சில் மூடினார்கள். மற்றவர்களுக்கு அதுதான் முதல் மணி. யார் காதிலும் விழவில்லை. ஆனால் அந்த ஷெட்டை இடிக்கவில்லை. பிரம்மாண்டமான அந்தக் கூரைக்குக் கீழேயே தொழிற்பயிற்சி நிலையம், பல்கலைக்கழகம், புதுக் கம்பெனிகள் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். வெல்டிங் பொறி பறந்த இடத்தில் மரம் நட்டிருக்கிறார்கள். பையன்கள் லாப்டாப்பும் காபியுமாக உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பது வயதில் கதவு மாட்டத் தெரிந்த ஆளுக்கு அந்த லாப்டாப்பில் என்ன வேலை என்று யாரும் போர்டு மாட்டவில்லை.

இதெல்லாம் எங்கோ தூர தேசத்துச் சங்கதி என்று நாம் 'உச்' கொட்டிவிட்டுப் போக முடியாது. 2010ல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் ஐ20 நம்ம ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் செய்தது. ஃபோர்டு அங்கே 'மூடுகிறோம்' என்று அறிவித்த அதே 2013ல், மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. பிராட்மெடோஸில் விளக்கு அணைகிறபோது மறைமலைநகரில் ஷிப்ட் போட்டு வேலை. நமக்கு ஜோராக இருந்தது. எட்டு வருஷம். 2021 செப்டம்பரில் மறைமலைநகருக்கும் அதே ஓலை வந்தது: நஷ்டம், மூடுகிறோம். 2022ல் அங்கேயும் கடைசிக் கார். 2024ல் மறுபடி திறக்க எண்ணம் உண்டு என்று தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது கம்பெனி. மேலிடம் மேலிடம்தான். தொண்டன் பிராட்மெடோஸில் இருந்தால் என்ன, செங்கல்பட்டில் இருந்தால் என்ன?

* * *

நீங்கள் அடிலெய்டு போனால் பர்ட்வுட் போய் வாருங்கள். மலைப்பாதையில் முக்கால் மணி நேரம். ஒரு பழைய மாவு மில்லில் தேசிய மோட்டார் மியூசியம் வைத்திருக்கிறார்கள். 1980லிருந்து கடற்கரையிலிருந்து பர்ட்வுட் வரை பழைய கார்களின் ஊர்வலம் ஒன்றும் நடத்துகிறார்கள். ரோட்டோரம் நாற்காலி போட்டுக் குடும்பம் குடும்பமாகக் கையாட்டுவார்களாம். நம்ம ஊர்த் தேர் மாதிரி.

மியூசியத்தில் தாத்தாக்கள் பேரப் பிள்ளைகளுக்குக் காரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இது நான் ஓட்டினது, இதில்தான் உங்க பாட்டியைக் கூட்டிவந்தேன். பேரன்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செத்த பிறகு மதிப்புக் கூடுவது மனுஷனுக்கு மட்டுமில்லை. கமடோரை வைத்துச் செய்த ஒரு அபூர்வ மலூ வண்டி 2021ல் ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதே வருஷம் 1971ன் ஃபால்கன் ஜி.டி. ஒன்றும் பத்து லட்சம் தாண்டியது. ஃபாக்டரி உயிரோடு இருந்தபோது முப்பத்தைந்தாயிரம் கொடுக்க யோசித்தவர்கள்!

ஹோல்டன் பெயரும் பிழைக்கவில்லை. ஃபாக்டரியை மூடிவிட்டு ஜெர்மனியிலிருந்து ஒரு காரை வரவழைத்துக் கமடோர் என்று பெயர் வைத்தார்கள். தொண்டர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 2020 பிப்ரவரியில் பெயரையே எடுத்துவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது.

ஃபோர்டு மட்டும் ஒரு வேலை செய்தது. ஃபாக்டரியை மூடியதே தவிர, டிசைன் செய்கிற இன்ஜினியர்களை வைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி கேட்டு எழுதினாளாம். ஜீலாங்கில் லூ பாண்ட் என்ற இளைஞர் முன்பாதி கார், பின்பாதி லாரியாக 'யூட்' வண்டியை உருவாக்கினார் என்பது இவர்கள் பெருமையாகச் சொல்லும் கதை. அதன் பேரன் முறையாக வேண்டும் ஃபோர்டு ரேஞ்சர். உருவாக்கியது மெல்பர்னில். ஓட்டிச் சோதித்தது அதே யூ யாங்ஸ் மலையடியில். 2023லும் 2024லும் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற வண்டி அதுதான். செய்வது மட்டும் தாய்லாந்தில்.

மூளை இங்கே, கை அங்கே. மாமி கேட்ட கேள்விக்குக் கம்பெனி சொன்ன பதில் அது. கார் எங்கே செய்தால் என்ன என்றால், வாங்குகிறவருக்கு ஒன்றுமில்லை மாமி. கதவு மாட்டிக்கொண்டிருந்தவருக்குத்தான்.

மியூசியத்தை விட்டு வெளியே வந்தபோது ஃபால்கனின் வைப்பரில் ஒரு சீட்டு செருகியிருந்தது. யாரோ எழுதியிருந்தார்கள்: விற்பதாக இருந்தால் போன் பண்ணவும், நல்ல விலை தரப்படும்.

அண்ணா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"குடுப்பீங்களா?" என்றேன்.

"சே! இதைக் குடுத்திட்டு என்னத்தை ஓடுறது?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "எவ்வளவு தருவான் எண்டு நினைக்கிறீர்?" என்றார்.